தராசைப் பிடித்திருப்பது யார்?

இந்துமதி: …அதே வரியை இன்னொருக்கா வாசிங்க சார். மெதுவா.

தங்கையா: இங்கிலீசுல இருக்குதுங்க. டி… இ… வி… ஐ… சி… இ…

இந்துமதி: டிவைஸ். அடுத்தது?

தங்கையா: பி… யூ… எஸ்… ஒய்.

இந்துமதி: டிவைஸ் பிசி. தராசு வேற வேலையா இருக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது.

தங்கையா: என்னா வேலைங்க? காலையில இருந்து அது மேல ஒரு சாக்குகூட வைக்கலியே. சும்மாதான் கெடக்குது.

இந்துமதி: பாக்கறதுக்கு அப்படித்தானுங்க இருக்கும். ஆமா, தேவர்சோலை ரோட்டு டீ பேக்டரி மேனேஜர் சார்தானுங்களே பேசறது?

தங்கையா: பேக்டரி ஆபீசுல இருந்துதாங்க பேசுறேன். கம்ப்யூட்டர் பொட்டி மேல ஒங்க கோயமுத்தூர் நம்பரு ஒட்டியிருந்துச்சு. ரிப்பேர்னா கூப்புடுங்கன்னு.

இந்துமதி: கூப்பிட்டது நல்லதாப் போச்சு. எங்க சார் வெளிய போயிருக்காரு. நான் இந்துமதி. உங்க பேக்டரி எடைக் கம்ப்யூட்டர் வேலை பூரா நான்தான் பாக்கறேன். நாம ரெண்டு பேரும் இப்பத்தான் மொதல்முறையா பேசறோம்.

ஆண்டாயி: என்னாவாம்? எப்ப எடை போடலாமாம்?

தங்கையா: இரு ஆண்டாயி, பேசிக்கிட்டுதான இருக்கேன்.

ஆண்டாயி: பேசு பேசு. இலை சாக்குக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கு. கைய விட்டுப் பாத்தேன், சோத்துப் பானைக்குள்ள விட்ட மாதிரி சுடுது. இன்னும் செத்த நேரம் போனா செவந்துரும். அப்புறம் தரமில்லன்னு திருப்பிக் குடுப்பாங்க.

இந்துமதி: யாருங்க சார் அது?

தங்கையா: ஆண்டாயிங்க. இங்கதான் பக்கத்துல நிக்கிது.

இந்துமதி: ஆபீஸ் கூட்டறவங்களா?

ஆண்டாயி: நானா…

தங்கையா: கூட்டவும் செய்யும்ங்க.

இந்துமதி: சரி. ரிசீவரைக் கழுத்துல இடுக்கிட்டு டைப் பண்ண முடியாது சார். போன்ல ஸ்பீக்கர்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிட்டு ரிசீவரைக் கீழ வெச்சிருங்க.

தங்கையா: வெச்சா கட்டாயிருமேங்க.

இந்துமதி: ஆகாதுங்க. வெச்சுப் பாருங்க. இப்பக் கேக்குதுங்களா?

ஆண்டாயி: அடியாத்தி… பொட்டிக்குள்ள இருந்து பேசுதே இந்தப் புள்ள.

இந்துமதி: நல்லாக் கேக்குது போல. இப்பக் கேளுங்க சார். தராசுல இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் வருதில்லங்க? அதை ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் பிடிச்சுக்க முடியும். போன்ல ஒருத்தர் பேசிட்டிருந்தா அடுத்தவருக்கு எங்கேஜ்டு வருமே, அது மாதிரி. இப்ப ஏதோ ஒண்ணு ஒயரைப் பிடிச்சுட்டு விடமாட்டேங்குது. அது எதுன்னு பாத்து நிறுத்திட்டா எடை போட்டுக்கலாம்.

தங்கையா: ஆரு பிடிச்சிருக்கான்னு கம்ப்யூட்டருக்கே தெரியாதுங்களா?

இந்துமதி: தெரியும் சார். கேட்டாத்தான் சொல்லும்.

ஆண்டாயி: இந்த ஆபீசு மாதிரியேதான்.

இந்துமதி: என்னங்க?

தங்கையா: ஒண்ணுமில்லீங்க. கேட்டுருவோம். எப்பிடிக் கேக்கணும்?

இந்துமதி: திரையில கடைசி வரியில, குறுக்கயும் நெடுக்கயும் கோடு போட்ட மாதிரி ஒரு குறி நிக்குதுங்களா?

தங்கையா: கோழிக்கூண்டுக் கம்பி மாதிரி?

இந்துமதி: அதேதான். அது பக்கத்துல அடிங்க. எஃப்.

தங்கையா: எஃப்பு… எஃப்பு எங்க இருக்கு… ஏ பி சி வரிசையா வைக்காம எவன் இதக் கலைச்சு வெச்சான்.

ஆண்டாயி: இந்தா, இங்க இருக்கு. டி-க்குப் பக்கத்துல.

இந்துமதி: உங்களுக்குக் கம்ப்யூட்டர்னாலே ஆகாதுன்னு எங்க சார் சொல்லியிருக்காரு. தனசிங் இல்லீங்களா? கிளார்க். அவர்தானே எப்பவும் எடை போடறது?

தங்கையா: கூட்டத்தைப் பாத்ததும் டீ குடிக்கப் போனாருங்க. பொறவாசல் வழியா.

இந்துமதி: டீத்தூள் விலை விழுந்ததுல இருந்து எல்லா பேக்டரியிலயும் இதே கூத்துதானுங்க. இலைக்காரங்க கத்தறதும் கிளார்க் ஓடறதும். அடுத்து யூ.

தங்கையா: யூ போட்டாச்சு. ரசியாக்காரன் வாங்கல, ஏலத்துல எடுக்க ஆளில்லன்னு மூணு வருசமா இதே பாட்டுதாங்க. இலைய வித்தா பறிச்ச கூலிக்கே கட்ட மாட்டேங்குது.

இந்துமதி: எஸ், இ, ஆர். இன்னைக்கு ஊட்டியில ஏதோ மீட்டிங்காமே சார்? விலை விழுந்து நொடிச்சுப் போன சிறு விவசாயியைக் காப்பாத்தறது எப்படின்னு. நீங்க போகலீங்களா?

தங்கையா: பேக்டரி சார்பா போக வேண்டியவங்க போயிருக்காங்க. ஆர் போட்டாச்சுங்க.

இந்துமதி: ஃபியூசர்னு வந்திருக்கா?

தங்கையா: ஃபியூசு போயிருச்சுங்களா?

இந்துமதி: இல்லைங்க, கமாண்டோட பேரே அதுதான். எந்த ஒயரை எந்தப் புரோகிராம் பிடிச்சிருக்குன்னு காட்டிக் குடுக்கும்.

ஆண்டாயி: கோள் சொல்றது.

இந்துமதி: அப்படியும் வெச்சுக்கலாம். இப்ப ஒரு எடம் விடுங்க. சின்னதா ஒரு படுக்கைக் கோடு. ஒட்டினாப்பல வி. மறுபடி எடம். அப்புறம் சாய்ஞ்ச கோடு.

தங்கையா: சாய்ஞ்ச கோடு ரெண்டு இருக்குங்க. ஒண்ணு அந்தப் பக்கம் சாயுது, ஒண்ணு இந்தப் பக்கம் சாயுது.

இந்துமதி: கேள்விக்குறியும் சேந்து இருக்கிற பட்டன்.

தங்கையா: ம்… இருக்குங்க.

இந்துமதி: டி, இ, வி. மறுபடி அதே கோடு. டி, டி, ஒய். பெரிய எஸ். ஜீரோ. அவ்வளவுதான், எண்டர் தட்டுங்க.

தங்கையா: தட்டிட்டேன்… ரெண்டு வரி வந்திருக்குங்க. கீழ் வரியில ரூட்டுன்னு இருக்கு. அப்புறம் நானூத்திப் பன்னெண்டு. புள்ளி புள்ளியா என்னமோ இருக்கு. கடைசியில ஒரு பேரு.

இந்துமதி: அந்தப் பேருதான் வேணும். வாசிங்க.

தங்கையா: டி, எச், ஏ, ஆர், ஏ, எம். தாரம்.

ஆண்டாயி: ஆரு பொண்டாட்டி?

இந்துமதி: …தாரம் இல்லீங்க. தரம்.

தங்கையா: தரமா? செவுத்துல அட்டை எழுதி மாட்டியிருக்கே, தரமான இலையே நமது உயிர்னு… அந்தத் தரமா?

இந்துமதி: சார்… பக்கத்துல வேற யாராச்சும் இருக்காங்களா?

தங்கையா: ஆண்டாயி இருக்குன்னேனே.

இந்துமதி: அவங்களுக்கு இதெல்லாம் புரியாதில்லீங்க?

ஆண்டாயி: எனக்கு என்னாம்மா புரியப் போவுது. கூட்டுற ஆளுதான நான்.

இந்துமதி: அப்பச் சரி. அது நம்ம தரம்தான் சார். வெளியாள் புரோகிராம் எதுவும் உள்ள வரலை. பயப்பட ஒண்ணுமில்ல.

தங்கையா: அது என்னாங்க செய்யிது?

இந்துமதி: விளையாடாதீங்க சார். நீங்க கேட்டு வாங்கினதுதானே.

தங்கையா: இருக்கட்டும்ங்க. ஒங்க வாயால ஒரு தடவ சொல்லிட்டா தெளிவா இருக்கும்.

இந்துமதி: போன்ல எப்படிங்க… அதான், அந்த எடைத் திருத்தம்.

ஆண்டாயி: தப்பா இருந்தாத்தான திருத்தணும்.

இந்துமதி: இந்தம்மா என்ன சார், ஊடால ஊடால பேசறாங்க?

தங்கையா: அது அப்பிடித்தாங்க. நீங்க சொல்லுங்க. பனித்தண்ணி, சாக்கு எடை, முத்தின காம்பு… இதுக்கெல்லாந்தான் கிளார்க் மொதல்லயே கழிச்சிர்றாரே.

இந்துமதி: அது எல்லாருக்கும் தெரிஞ்ச கழிவு. இது தெரியாத கழிவு. தராசுல இருந்து வர்ற எடையை மொதல்ல தரம் வாங்கிக்கும். கொஞ்சம் குறைச்சுட்டுத்தான் எடைப் புரோகிராமுக்குக் குடுக்கும். டிவிப் பொட்டியில இலைக்காரங்களுக்குத் தெரியறதும் சரி, ரசீதுல விழறதும் சரி, குறைச்ச எடைதான். பேரு நீங்கதான் வெச்சீங்க. யாராச்சும் தப்பித் தவறித் திரையில பாத்தாலும் நல்ல விஷயமாத் தெரியணும்னு. உண்மை எடை யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதானே தராசோட நம்பர் பொட்டியைச் சுவத்தைப் பாக்கத் திருப்பி வெக்கச் சொன்னோம்.

ஆண்டாயி: வெயில் பட்டா கெட்டுப் போகும்னு சொன்னாங்களே.

இந்துமதி: தேவர்சோலையில ஏதுங்க வெயிலு.

தங்கையா: எவ்வளவு குறைக்கிதுங்க?

இந்துமதி: அதைத்தான் இப்பப் பாக்கப் போறோம். பி, எஸ். ஒரு எடம். ஏ, எக்ஸ். எண்டர் தட்டுங்க. நெறைய வரி ஓடும், பயப்படாதீங்க. தரம்னு எத்தனை இருக்குன்னு மட்டும் பாருங்க.

தங்கையா: ரெண்டு இருக்குங்க. நம்ம நானூத்திப் பன்னெண்டு ஒண்ணு. அது பேருக்குப் பக்கத்துல எட்டுன்னு இருக்கு. கீழ இன்னொண்ணு, தொள்ளாயிரத்தி மூணு. அதுக்குப் பக்கத்துல பன்னெண்டு.

இந்துமதி: நெனச்சேன். நேத்து சாயங்காலம் எங்க சாரைக் கூப்பிட்டுக் கேட்டீங்களாமில்ல… மழை பிடிச்சிருச்சு, இலை நெறைய வரும், எட்டு பத்தாது, பன்னெண்டா ஆக்கணும்னு. எப்படி ஓட்டறதுன்னு அவரும் சொல்லிக் குடுத்தாராமே. நீங்க பழசை நிறுத்தாமயே புதுசை ஓட்டிட்டீங்க. எட்டு தராசைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கு. பன்னெண்டு உள்ள வர முடியாம வாசல்லயே நிக்குது. பிசின்னு கத்தறது அதுதான்.

ஆண்டாயி: எட்டுன்னா… நூத்துக்கு எட்டா?

இந்துமதி: பரவால்லீங்களே, கணக்கெல்லாம் தெரியுது இவங்களுக்கு.

ஆண்டாயி: தூக்கியாந்த முதுகுக்குத் தெரியாதா. எடை கம்மியா விழுதுன்னு இந்தாளுகிட்ட எத்தன தடவ சொல்லிப் பாத்தேன். மெசினு பொய் சொல்லாது ஆண்டாயி, ஒனக்குத்தான் நெதானம் தப்பிப் போச்சுன்னாரு.

தங்கையா: ஆண்டாயி…

இந்துமதி: சார் அப்படித்தானே சொல்லோணும். வேற என்னத்தைச் சொல்லுவாரு? ஏனுங்க சார், இவங்க ஊட்டுலயும் தேயிலை இருக்குதுங்களா?

தங்கையா: இந்தப் பக்கம் எல்லார் வீட்டுலயும் கொஞ்சம் இருக்குங்க.

இந்துமதி: அப்பக் கொஞ்சம் பாத்துப் பேசுங்க.

தங்கையா: ஏங்க… இவ்வளவு நாளா ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரல?

இந்துமதி: வராதுங்க. எழுதினது நானில்ல? எல்லாச் சாக்குக்கும் ஒரே மாதிரி எட்டு கழிச்சா கண்டுபிடிச்சுருவாங்கன்னு, ஒண்ணுல கம்மியா, ஒண்ணுல அதிகமா, சராசரி எட்டு வர்ற மாதிரி போட்டேன். அதுக்கே எத்தனையோ நாள் தூங்கலை. முடிச்ச அன்னைக்கு எங்க ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க சார்.

தங்கையா: கேக்கு.

இந்துமதி: ஆமாங்க.

தங்கையா: வீட்டுலயே எடை போட்டுக் கொண்டாந்து சண்டை பிடிக்கிற ஆளு இருந்தா என்னா செய்வீங்க?

இந்துமதி: அதுக்குத்தான் உங்க ஐடியாவே இருக்குதே. சத்தம் போடற ஆளுக்குக் கழிக்காம விட்டுட்டா, அவரே ஊரெல்லாம் போய்த் தராசு சரின்னு சாட்சி சொல்லுவாருன்னு நீங்கதானே எங்க சார்கிட்ட சொன்னீங்க. எனக்கெல்லாம் அது தோணியிருக்காது. ஒரே ஒரு பேருதான் குடுத்தீங்க. இலைக்காரங்க சங்கத்துத் தலைவரு… தங்கையா. அவர் பேரை அடிச்சா மட்டும் கழிவு சைபர்… ஹலோ? லைன் இருக்குங்களா? பின்னால என்ன சார், ஒரே எரைச்சலா இருக்கு? மழைங்களா?

ஆண்டாயி: தகரக் கூரைம்மா. சத்தம் பெருசாத்தான் கேக்கும்… அப்ப அதான் சங்கதியா. வீட்டுத் தராசும் பேக்டரித் தராசும் கடுகளவு பிசகாம ஒண்ணா இருக்குன்னு போன கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னது.

தங்கையா: எனக்குத் தெரியாது ஆண்டாயி. சத்தியமா எனக்குத் தெரியாது.

இந்துமதி: என்னங்க தெரியாது?

தங்கையா: இல்லீங்க… அந்தத் தங்கையா தெரியாமத்தான் சொல்லியிருப்பாருங்குறேன்.

இந்துமதி: தெரியாமத்தானுங்க. தெரிஞ்சு சாட்சி சொல்றவருக்குன்னா தனியாக் கவனிக்கோணும். இவருக்குச் சரியான எடையே போதும். தன்னோட சத்தத்துக்குப் பயந்துட்டுத்தான் பேக்டரி ஒழுங்கா இருக்குதுன்னு நெனச்சுட்டு இருப்பாரு, பாவம்.

தங்கையா: …அப்பிடித்தாங்க நெனச்சுக்கிட்டு இருந்தாரு.

ஆண்டாயி: சரி விடு. அதப் பொறவு பேசிக்குவோம். மொதல்ல எடை போடறதுக்கு வழியப் பாரு. இலை வேகுது.

தங்கையா: பேச வாய் வரமாட்டேங்குது.

ஆண்டாயி: வெரலு வருதுல்ல? அதால அடி.

இந்துமதி: இந்தம்மா உங்களையே அதட்டறாங்க.

தங்கையா: அதட்ட வேண்டியதுதாங்க. இப்ப என்னா அடிக்கணும்?

இந்துமதி: கே, ஐ, எல், எல். கில். எடம் விட்டு நானூத்திப் பன்னெண்டு. எட்டு போயிரும். பன்னெண்டு உள்ள வந்து தராசைப் பிடிச்சுக்கும். நீங்க எடை போட ஆரம்பிக்கலாம்.

தங்கையா: ரெண்டையும் நிறுத்தணும்ங்க.

இந்துமதி: ரெண்டையுமா? அப்பக் கழிவே இருக்காதே. முழு எடையும் விழுந்துரும்.

தங்கையா: விழட்டும்ங்க.

இந்துமதி: பேக்டரிக்கு நஷ்டம் சார்.

ஆண்டாயி: ஏய், தொரை ஜீப்பு சத்தம் மாதிரி கேக்குதே.

தங்கையா: ஜீப்பா? எங்க, எட்டிப் பாரு.

ஆண்டாயி: …இல்ல. பால் வண்டி. மேல ஏறிப் போவுது.

இந்துமதி: யாருங்க அது தொரை?

தங்கையா: மேல இருக்கிறவங்கள இங்க அப்பிடித்தாங்க சொல்றது… ஏங்க, இலைக்காரங்க எல்லாரும் காலையில இருந்து கோவமா நிக்கிறாங்க. இன்னைக்கு முழுசாப் போட்டாத்தான் அடங்குவாங்க. தொள்ளாயிரத்தி மூணுக்கும் அதே கில்லுதானுங்களே?

இந்துமதி: அதேதான்… நல்ல மனசுங்க உங்களுக்கு. எங்க சார் உங்களைப் பத்தி வேற மாதிரியில்ல சொல்லி வெச்சிருந்தாரு.

தங்கையா: ரெண்டும் அடிச்சாச்சு. அந்த பிசி வரக் காணோம்ங்க.

இந்துமதி: வராது. இப்ப எடைன்னு அடிங்க. இ, டி, ஏ, ஐ. எண்டர். தராசை எடைப் புரோகிராமே நேராப் பிடிச்சுக்கும். ஒரு சாக்கை வெச்சுப் பாருங்க.

ஆண்டாயி: என் சாக்க வைக்கிறேன். ஒரு கை குடுப்பா… ம். வெச்சாச்சு.

தங்கையா: நாப்பத்தாறு.

ஆண்டாயி: எவ்வளவு?

தங்கையா: நாப்பத்தாறு, ஆண்டாயி.

ஆண்டாயி: இதே சாக்கு. இதே அமுக்கு அமுக்கித்தான் கட்டுவேன். நாப்பத்திரண்டு, நாப்பத்தி மூணுன்னே வரும். ஒரு நாளு நாப்பதுன்னுச்சு. ஒடம்பு தளந்து போச்சு, அதான் கம்மி இலையும் கனமாத் தெரியுதுன்னு நெனச்சேன். தைலம் வாங்கித் தேச்சேன்.

தங்கையா: நான்தான தேய்க்கச் சொன்னேன்.

ஆண்டாயி: நீதான் சொன்ன.

இந்துமதி: ஓடுதுங்களா சார்? எடை சரியா வருதில்ல?

தங்கையா: சரியா வருதுங்க. இப்பத்தான் சரியா வருது.

இந்துமதி: அப்ப ஒண்ணு பண்ணுங்க. எல்லாரும் போட்டு முடிச்சுட்டுப் போனதும் மறுபடி கூப்பிடுங்க. தரத்தைப் பன்னெண்டுலயே ஓட்டி விட்டுருவோம். நாளையில இருந்து ஒண்ணும் பிரச்சினை வராது. அப்புறம்… நாம பேசினது, கில் அடிச்சது, எதுவுமே வெளிய போகக் கூடாதுங்க. இலை கொண்டு வர்றவங்கள்ல ஒருத்தர் காதுல விழுந்தாலும் உங்க பேக்டரிக்கும் ஆபத்து, எங்க கம்பெனிக்கும் ஆபத்து. வெளிய யாருக்கும் தெரியாதில்ல சார்?

தங்கையா: வெளிய ஆருக்கும் தெரியாதுங்கம்மா. வெளிய நிக்கிறதுக்கு ஒரு ஆளும் இல்ல… இலை கொண்டாந்த அத்தன பேரும் ஆபீசுக்குள்ளதான் நிக்கிறோம், நீங்க பேசினத ஒரு வார்த்த விடாம கேட்டுக்கிட்டு. மேனேஜர் தொரை காலையிலயே ஊட்டிக்குப் போயிட்டாரு, எங்களக் காப்பாத்துற மீட்டிங்குக்கு… நீங்க சைபர் போட்டு வெச்ச தங்கையா நாந்தாங்க.